"வாங்க" என்று எழுதினேன், வட்டத்துக்குள் R வந்தது

எதையாவது ரிப்பேர் செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த இடம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறதோ, அந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். ஓட்டைக் குடையை வீட்டுக்குள் விரித்து வைத்து "ஒழுகலையே" என்பது போல. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். தலைவர் பதவிக்கே நிற்கலாம்.

நிலா, கதிர், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். விருந்தாளி வரும்போதெல்லாம் உங்கம்மா இந்தக் கதையைச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் பிரிண்டரில் இருந்து வந்த தாளின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள். போன பொங்கலுக்குச் சொன்னபோது அது கம்பெனி கேட்டைத் தாண்டி வேலம்பாளையம் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டது. (இப்படியே விட்டால் சோமனூர் போய்ச் சேர்ந்துரும்.) அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவைத்துவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு பாஸ். அதற்கு மேல், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ். அந்தத் தகுதியோடு வேலம்பாளையத்தில் குழந்தைகளுக்கான பனியன் துணி தைக்கிற கம்பெனியில் சேர்ந்தேன். பதவியின் பெயர் சிஸ்டம் இன்சார்ஜ். வேலை என்னவென்றால், மவுசைக் கழற்றி அதற்குள் உருளும் பந்தில் சுற்றிக்கொண்ட பஞ்சை எடுப்பது. நம்ம ஊரில் காற்றே பாதி பஞ்சுதானே. மிச்ச நேரத்தில் முதலாளிக்கு வந்த ஈமெயிலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது. கம்ப்யூட்டரில் இருப்பது எதுவும் தாளில் வந்தால்தான் முதலாளிக்கு அது நிஜம்.

முதலாளி பெயர் நாச்சிமுத்து. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா செந்திலு, பக்கத்துக் கம்பெனிக்காரன் வெப்சைட் வெச்சிருக்கானாமா. நம்மளுக்கும் ஒண்ணு செஞ்சு போடு."

"செஞ்சரலாமுங்க."

(தெரியாதுங்க என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

எப்படியோ செய்தேன். முதல் பக்கத்தில் கம்பெனி படம், அடுத்த பக்கத்தில் கேட்லாக். எல்லாம் இங்கிலீஷில். முதலாளி பார்த்தார். முகம் சரியில்லை.

"நம்மூட்டுக்கு ஒருத்தரு வந்தா மொதல்ல என்ன சொல்லுவோம்?"

"வாங்கன்னு சொல்லுவோமுங்க."

"இதுக்குள்ள வர்றவங்களுக்கு மட்டும் சொல்லாம உட்டா எப்படி?"

"நம்ம துணி வாங்கற பையர் எல்லாம் வெள்ளக்காரங்க. அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்களே."

"படிக்கிறதும் படிக்காததும் அவங்க சௌகரியம். சொல்றது நம்ம கடம."

ஆக, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "வாங்க, வணக்கமுங்க" வந்தது. அதோடு விட்டாரா. கேட்லாக்கில் ஒவ்வொரு துணிக்குக் கீழேயும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல அடித்தேன். "இது பொறந்த கொழந்தைக்குப் போடறதுங்க. தோள்ல பட்டன் இருக்குதுங்க. தலையில மாட்டறப்பக் கொழந்த அழுவாதுங்க." எங்கள் சரக்கு போகிற ஜெர்மனியில் யார் வீட்டுக்குப் பக்கத்திலாவது தமிழ் தெரிந்தவர் இருக்கமாட்டாரா என்பது அவர் எண்ணம். சொல்லிக்கொண்டே போனார். கேட்லாக், இங்கிலீஷ் ஒரு வரி, தமிழ் ஒரு முழம் என்று நீண்டுவிட்டது.

ஆபீஸில் திறந்தால் தமிழ் வரவில்லை. என்னவோ கிறுக்கல் வந்தது. நான் அசரவில்லை. பிரவுசரில் எழுத்து வகையைக் கையால் மாற்றிக்கொள்ள ஒரு இடம் உண்டு. ஆபீஸில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் போய் அதை மாற்றிவைத்தேன். தமிழ் பளிச்சென்று வந்தது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார், ஸ்கிரீனைப் பார்த்து. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஜெர்மனியில் இருக்கிற கம்ப்யூட்டரில் யார் போய் மாற்றுவார்கள் என்கிற கேள்வி எனக்கு வரவே இல்லை.

அந்த ஜெர்மனி பையர் பெயர் ஹெல்கா மேடம். அதுவரை எங்கள் சரக்கு ஏஜெண்ட் மூலமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் முறையாக நேரடி ஆர்டர் கொடுக்கலாமா என்று பார்க்க அவர் வருவதாக இருந்தது. வருவதற்கு முன்னால் எங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். மறுநாள் மெயில் வந்தது. எங்கள் மெர்ச்சண்டைசர் இப்ராஹிம் பாய் அதைப் படித்துத் தமிழில் சொன்னார். பையர்களோடு பேசுவது, எழுதுவது எல்லாம் அவர்தான்.

"உங்க சைட்ல ஏகப்பட்ட டிரேட்மார்க் இருக்குது, அதெல்லாம் பதிவு செஞ்ச சர்ட்டிபிகேட்டைக் காட்டணும்னு அவங்க வக்கீல் செக்ஷன்ல கேக்கறாங்களாம். காட்டாம ஆர்டர் போட மாட்டாங்களாமுங்க."

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

"நான் எப்பங்க பதிவு பண்ணுனேன்? நான் பதிவு பண்ணுனது இந்த பில்டிங்கு ஒண்ணுதான்."

மெயிலோடு ஸ்கிரீனைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அதில் நம்ம "வாங்க" இப்படி இருந்தது:

à®µà®¾à®™à¯à®•

ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று மேல்நாட்டு எழுத்தாக உடைந்திருந்தது. நடுவே வட்டத்துக்குள் R. பதிவு செய்த டிரேட்மார்க்குக்கு உலகம் முழுக்க அதுதான் அடையாளம். அது போதாதென்று, எங்கெல்லாம் "ங" வருகிறதோ அங்கெல்லாம் பக்கத்திலேயே பொடியாக TM. அதுவும் டிரேட்மார்க்தான். நம்ம ஊர்ப் பேச்சில் "ங்க" எத்தனை வரும் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளி மரியாதை கூட்டக் கூட்ட டிரேட்மார்க் கூடிக்கொண்டே போயிருந்தது.

இப்ராஹிம் பாய் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொதலாளி, மரியாதயக் கொஞ்சம் கொறச்சுக்கிட்டா டிரேட்மார்க்கும் கொறையுமுங்க போல."

"ஆர்டர் போனாலும் போகட்டும் பாய். 'வா'ன்னு மட்டும் போடமாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "செந்திலு, குமாரசாமி மாஸ்டர்கிட்ட, பையனுக்கு நாந்தான் பொறுப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்த ஆர்டர் போச்சுன்னா உனக்குப் பொண்ணு கேக்கற வாயி எனக்கு இருக்காது, பாத்துக்க."

குமாரசாமி மாஸ்டர் யாரென்று உங்களுக்குத் தெரியும். உங்க அப்புச்சி. அப்போது எங்கள் கட்டிங் மாஸ்டர். அவர் மகள் கோகிலா, அதாவது உங்கம்மா, அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் துணியில் குறை தேடுவது அவள் வேலை. குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். நான் அவளோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. பெண் பார்க்கிற பேச்சு நடக்கிறது என்று தெரியும். செக்கிங் பக்கம் போகும்போது மட்டும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

ஹெல்கா மேடம் வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கட்டிங்கில் வெட்டின துணியைக் கட்டாகக் கட்டி, மேலே ஒரு டிக்கெட் வைப்போம். என்ன ஸ்டைல், என்ன சைஸ் என்று அதில் இருக்கும். தைக்கிறவர் ஒவ்வொரு துண்டையும் அளந்து பார்க்கமாட்டார். டிக்கெட்டை நம்பித் தைப்பார். வெப்சைட்டும் அப்படித்தான். பக்கங்களை வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு அனுப்புகிற கம்ப்யூட்டருக்குச் சர்வர் என்று பெயர். அனுப்பும்போது, உள்ளே இருக்கிற எழுத்து எந்த வகை என்று அது ஒரு டிக்கெட் வைக்கும். வாங்குகிற பிரவுசர் டிக்கெட்டை நம்பிக் காட்டும். எங்கள் சர்வர் எல்லாக் கட்டுக்கும் "மேல்நாட்டு எழுத்து" என்று ஒரே டிக்கெட் வைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததோ முதலாளியின் தமிழ்.

சரி, டிக்கெட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். புதுப் பிரவுசர்கள் பக்கத்துக்குள் நான் எழுதிவைத்த குறிப்பைப் படித்துத் தமிழைக் காட்டின. பழைய பிரவுசர் ஒன்று இருந்தது. அது டிக்கெட் இல்லாவிட்டால் உள்ளே குறிப்பையும் பார்க்காது. முதல் நாலு வரியை மோந்து பார்த்துத் தானாக முடிவுகட்டும். எங்கள் முதல் நாலு வரி இங்கிலீஷ். அதனால் எல்லாமே மேல்நாட்டு எழுத்து என்று முடிவுகட்டியது. ஹெல்கா மேடத்திடம் இருந்தது அந்தப் பிரவுசர்தான். எங்கள் ஆபீஸிலும் அதேதான்.

பிரவுசரை நான் திருத்த முடியாது. சர்வரைத்தான் திருத்த வேண்டும். சர்வருக்கு ஒரு உத்தரவு எழுதலாம் என்று இன்டர்நெட்டில் தேடிப் படித்தேன். வந்திருப்பது யார் என்று பார், அந்தப் பழைய பிரவுசராக இருந்தால் "இது தமிழ், சொன்னால் கேள்" என்று அழுத்தமாக ஒரு டிக்கெட் வை. ஒரே உத்தரவு. நாலே வரி. எழுதினேன். முதல் பக்கத்தின் பெயரைப் போட்டு எழுதினேன். பிரவுசிங் சென்டருக்குப் போய், அதே பழைய பிரவுசரில் திறந்து பார்த்தேன். "வாங்க, வணக்கமுங்க" என்று முத்து முத்தாக வந்தது. மூடித் திரும்பத் திறந்தேன். வந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவரை எழுப்பிவிட்டு அதிலும் திறந்தேன். வந்தது.

முதல் பக்கத்தை மட்டும்தான் திறந்தேன். குடையை வீட்டுக்குள் விரித்துப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். நான் எழுதின உத்தரவு முதல் பக்கத்துக்கு மட்டும் செல்லும். முழம் முழமாகத் தமிழ் இருக்கிற கேட்லாக் பக்கத்துக்குச் செல்லாது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

அதற்கு மேல் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில், நோய் தீர்ந்த பிறகு மருந்து எதற்கு என்று, ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் நான் கையால் மாற்றிவைத்திருந்ததை எல்லாம் பழையபடி ஆக்கிவிட்டேன். (அன்னிக்கு எனக்கு இருந்த தெம்புக்கு, அந்தப் பக்கம் போன லாரியைக்கூட ரிப்பேர் பண்ணியிருப்பேன்.)

ஹெல்கா மேடம் வந்தார். நல்ல உயரம், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. முதலாளி வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்றார். ஆபீஸில் உட்கார்ந்ததும் மேடம் தன் லேப்டாப்பைத் திறந்து சைட்டைப் போட்டார். தமிழ் தமிழாகவே வந்தது. இப்ராஹிம் பாய் விளக்கினார்: அது டிரேட்மார்க் இல்லை, எங்கள் முதலாளி உங்களை வாங்க என்று கூப்பிடுகிறார், வழியில் எழுத்து உடைந்துவிட்டது, இப்போது எங்கள் சிஸ்டம் இன்சார்ஜ் சரிசெய்துவிட்டார். மேடம் சிரித்துக்கொண்டே "வாங்கா" என்று சொல்லிப் பார்த்தார். உங்க அப்புச்சி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் என் கல்யாணப் பந்தலில் வாழை மரம் கட்டியாகிவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"செந்திலு, கேட்லாக்கைப் பிரிண்ட் எடுத்து மேடம் கையில குடு," என்றார் முதலாளி.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேட்லாக்கைத் திறந்து, பிரிண்ட் பொத்தானை அழுத்தி, ஸ்கிரீனைப் பார்க்காமலே ஹெல்கா மேடத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு நின்றேன். எங்களிடம் இருந்தது தொடர் தாளில் அடிக்கிற பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கர்ர் கர்ர் என்று அடிக்கும். தாள் கிழியாமல் ஒரே நீளமாக வெளியே வரும். அடிக்க ஆரம்பித்தது. நான் புன்னகைத்துக்கொண்டே இருந்தேன்.

"தம்பி," என்றார் இப்ராஹிம் பாய் மெதுவாக. "நம்ம பழைய சொந்தக்காரங்க எல்லாம் திரும்பி வந்திருக்காங்க போல."

குனிந்து பார்த்தேன். தாள் நெடுக வட்டத்துக்குள் R. வரிக்கு வரி, மேலிருந்து கீழே, முதலாளி சொன்ன அத்தனை "ங்க"வுக்கும் பக்கத்திலேயே TM.

பிரிண்டரை ஆஃப் செய்தேன். நின்றது. ஆன் செய்தேன். விட்ட இடத்தில் இருந்து, முன்னைவிட உற்சாகமாக அடித்தது. தாளைப் பிடித்து இழுத்தேன். அது இன்னும் வேகமாக வந்த மாதிரி இருந்தது. இழுத்த தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி விட்டேன். அது ஆபீஸ் கதவு வழியாக வெளியே போய், வராந்தாவில் ஓடி, செக்கிங் டேபிள் காலில் முட்டி நின்றது. (அவ்வளவுதான் தூரம். பஸ் ஸ்டாப் எல்லாம் போகலை.)

"ஏனப்பா, நெறுத்து அத," என்றார் முதலாளி.

"நிக்க மாட்டேங்குதுங்க."

"நீ செஞ்சதுதான, நீ சொன்னாக் கேக்காதா?"

உங்க அப்புச்சி என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். துணியில் எவ்வளவு வீணாகும் என்று கணக்குப் போடுகிற பார்வை அது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதுதான் அது நின்றது.

ஹெல்கா மேடம் எழுந்தார். தாளைக் கையில் எடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டே, கதவைத் தாண்டி, வராந்தாவில் அது போன வழியே போனார். முதலாளி பின்னால் போனார். பாய் பின்னால் போனார். உங்க அப்புச்சி போனார். கடைசியாக நான்.

தாளின் முனை இப்போது செக்கிங் டேபிள் மேலே ஏறியிருந்தது. உங்கம்மா குனிந்து அதில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு R மேலும் ஒரு சிவப்பு அம்பு. TM மேலும் ஒரு அம்பு. துணியில் ஒட்டுகிற அதே கவனம். எங்கள் எல்லாரையும் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன சாமி பண்றே?" என்றார் முதலாளி.

"டேபிளுக்கு வந்துச்சுங்க. இந்த வட்டம்தான் டிஃபெக்ட்டுன்னு அப்பா ஊட்டுல சொன்னாருங்க. அதான் மார்க் பண்ணிட்டேனுங்க."

பாய் இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். மேடம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பாயிடம் ஏதோ சொன்னார்.

"என்ன பாய் சொல்றாங்க?" என்றார் முதலாளி, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல.

"தன் ஆபீஸ் தாள்லயே டிஃபெக்ட் மார்க் பண்ற கம்பெனி துணியில குறைய விட்டு அனுப்பாதுங்கறாங்க. வக்கீல் செக்ஷனுக்கு அவங்களே சொல்லிக்கிறாங்களாம். இந்த அம்பு ஒட்டுன தாளையே காட்டுவாங்களாம். ஆர்டர் குடுக்கறாங்களாமுங்க."

முதலாளி டேபிளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மேடம் முடிக்கவில்லை. அந்தத் தாளை ஒரு குழந்தைச் சட்டை மேல் விரித்துப் பார்த்தார். அந்த உடைந்த எழுத்து அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. குழந்தைகள் தூங்கும்போது போடுகிற உடுப்பில், துணி முழுக்க இதையே பிரிண்ட் போடலாமே என்றார். ஒரே ஒரு நிபந்தனை: வட்டத்துக்குள் R ஒன்றுகூட இருக்கக் கூடாது. TM கூடாது.

"பாருங்க பாய்," என்றார் முதலாளி. அவருக்குத் தெம்பு திரும்பிவிட்டது. "வாங்கன்னு போடாம உட்டிருந்தா இந்த டிசைன் வந்திருக்குமா?"

பிரிண்டுக்கு டிசைன் தயார் செய்கிற வேலை எனக்கு வந்தது. R, TM எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். உங்கம்மா தாளில் அம்பு ஒட்டுவாள், நான் கம்ப்யூட்டரில் அந்த இடத்தை அழிப்பேன். நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது அப்போதுதான். காதல் வசனம் எதுவும் இல்லை.

"இங்க ஒண்ணு உட்டுட்டீங்க."

"எங்கீங்க?"

"அம்பு ஒட்டியிருக்கறனுங்களே. அம்பையுமா பாக்க மாட்டீங்க?"

கடைசித் துண்டு மட்டும் மிச்சம் இருந்தபோது, அவளை அசத்த வேண்டும் என்கிற ஆசையில், "இத நானே பாத்துக்கறனுங்க, நீங்க போங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

சர்வர் உத்தரவையும் எல்லாப் பக்கத்துக்கும் சேர்த்துத் திருத்தி எழுதினேன். எல்லாப் பக்கத்தையும் திறந்தும் பார்த்தேன்.

அடுத்த மாதம் பெண் பார்க்கப் போனோம். முதலாளியே முன்னால் நின்று கூட்டிக்கொண்டு போனார். காபி, பலகாரம் எல்லாம் ஆனது. உங்க அப்புச்சி அன்றைக்கும் என்னைத் துணியைப் போலத்தான் பார்த்தார். பிறகு எல்லார் முன்னாலும் மகளிடம் கேட்டார்: "கண்ணு, நீ பாத்துச் சொல்லு. உனக்குச் சம்மதமா?"

செக்கிங்கில் துணியை மூன்றாகப் பிரிப்பார்கள். குறையே இல்லாதது பாஸ். திருத்தவே முடியாதது ரிஜெக்ட். குறை இருக்கிறது, ஆனால் பிரித்துத் தைத்தால் தேறும் என்றால் அது ஆல்டர்.

உங்கம்மா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "ஆல்டர்ல வெச்சுக்கலாமுங்கப்பா."

முதலாளி சிரித்த சிரிப்பில் காபி டம்ளர் கவிழ்ந்தது. கல்யாணம் முடிவானது.

நிலா, நீ பிறந்தபோது கம்பெனியில் இருந்து அந்த ஆர்டரில் மிச்சமான உடுப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். துணி முழுக்க முதலாளியின் உடைந்த தமிழ். உனக்குப் போட்டுவிட்டு உங்கம்மா பழக்கத்தில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். இடது கக்கத்துக்குக் கீழே வந்ததும் கை நின்றது.

"ஏனுங்க. இங்க வாங்க."

பொடியாக ஒரே ஒரு TM. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன அந்தக் கடைசித் துண்டில் இருந்தது. எத்தனை ஜெர்மன் குழந்தைகள் கக்கத்தில் டிரேட்மார்க்கோடு தூங்கி எழுந்து வளர்ந்தார்களோ தெரியாது. உங்கம்மா பீரோவைத் திறந்து அம்பு ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். (கல்யாணத்துக்குச் சீர் வரிசையோடு அதையும் கொண்டுவந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.) ஒன்றை உரித்து அந்த TM மேல் ஒட்டினாள். இன்னொன்றை உரித்து என் சட்டையில் ஒட்டினாள்.

அன்றிலிருந்து நம் வீட்டில் நடப்பது உங்களுக்கே தெரியும். நான் மாற்றின குழாயில் அம்பு. நான் அடித்த ஆணியில் அம்பு. நான் வைத்த ரசத்தின் மூடி மேல் அம்பு. போன மாதம் கல்யாண நாளன்று காலையில் கண்ணாடி பார்த்தபோது என் நெற்றியில் ஒன்று இருந்தது.

"என்னம்மா இது? இத்தன வருசம் ஆச்சு, இன்னுமா?" என்றேன்.

சமையலறையில் இருந்து பதில் வந்தது. "ஆல்டர்லதானுங்க இருக்கீங்க. பாஸ் ஆனா நானே சொல்றேன்."

நீங்கள் இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தீர்கள். நான் அம்பைப் பிய்க்காமலே வேலைக்குப் போனேன்.